கல்பாசி எங்கே வளர்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும்போது சருகு மாதிரி ஒன்றைக் கிள்ளி எண்ணெயில் போடுவோமே, ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் கறுப்பு, அதைப் பற்றிய பக்கம் இது. நான் காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவன், படித்தது தாவரவியல். அதனால் உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் சமையல்கட்டு ஓரமாக நின்றால்கூட யாராவது ஒருவர் இதைக் கையில் எடுத்து, "இது என்னப்பா, எங்க விளையுது?" என்று கேட்டுவிடுவார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் சொன்ன பதில்களையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கல்பாசி செடியா, பாசியா, பூவா?

மூன்றும் இல்லை. அது ஒரு லைக்கன். லைக்கன் என்பது தனி உயிர் அல்ல, கூட்டுக்குடித்தனம். வீடு கட்டிக் காவல் நிற்பது பூஞ்சை. உள்ளே அடுப்பெரிப்பது பச்சைப் பாசி. பூஞ்சைக்குச் சொந்தமாக உணவு தயாரிக்கத் தெரியாது. பாசி வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்து கொடுக்கிறது. பதிலுக்குப் பூஞ்சை கடும் வெயிலும் காய்ச்சலும் பாசியை நேரே தாக்காதபடி தன் இழைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்துக்கொள்கிறது. கல்பாசிக்குள் குடியிருக்கும் பாசிக்கு டிரெபூக்சியா என்று பெயர். உடம்பில் பெரும்பங்கு பூஞ்சை. பாசி மேல்தோலுக்குக் கீழே ஒரு மெல்லிய பச்சை அடுக்காக மட்டும் இருக்கும்.

இப்படி இரண்டு உயிர்கள் சேர்ந்ததுதான் லைக்கன் என்று ஸ்விட்சர்லாந்துக்காரரான சைமன் ஷ்வெண்டனர் 1867-ல் சொன்னபோது, அன்றைய லைக்கன் அறிஞர்களில் பலர் ஏற்கவே இல்லை. 2016-ல் டோபி ஸ்ப்ரிபில் குழுவினர், பல லைக்கன்களின் மேல்தோலில் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட் பூஞ்சையும் இருக்கிறது என்று காட்டினார்கள். குடித்தனக்காரர்களின் எண்ணிக்கை இன்னும் முடிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தமிழில் பாசி என்றோம். மராத்தியில் தகட் பூல், கன்னடத்தில் கல்லு ஹூவு, இந்தியில் பத்தர் கே பூல், எல்லாமே கல்லுப் பூ. பூ என்பது முழுத் தவறு, பாசி என்பது பாதி சரி. இந்த ஒரு விஷயத்தில் தமிழுக்கு நான் கூடுதலாக இரண்டு மதிப்பெண் போடுவேன். ஆனால் வீட்டுக்காரரான பூஞ்சையை எந்த மொழியும் கண்டுகொள்ளவில்லை.

அறிவியல் பெயர் என்ன?

பார்மோட்ரீமா பெர்லேட்டம். 1762-ல் இங்கிலாந்தின் தாவரங்களைத் தொகுத்த வில்லியம் ஹட்சன் இதை லைக்கன் பெர்லேட்டஸ் என்று எழுதினார். பிறகு பார்மேலியா பெர்லேட்டா ஆகி, 1952-ல் மாரிஸ் சுவாசி கையில் இப்போதைய பெயருக்கு வந்தது. நடுவில் சில காலம் பார்மோட்ரீமா சைனென்ஸ் என்ற பெயரும் ஓடியது. பழைய கட்டுரைகளில் இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் ஆள் ஒன்றுதான். இன்னொன்று: லைக்கனின் அறிவியல் பெயர் என்பது அதிலுள்ள பூஞ்சையின் பெயர். உள்ளே இருக்கும் பாசிக்குத் தனிப் பெயர் உண்டு.

இயற்கையாக எந்தெந்த நாடுகளில் இருக்கிறது?

நாடு நாடாகச் சொன்னால் பட்டியல் நீளும், புரியவும் புரியாது. அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. ஆனால் எந்தக் கண்டத்திலும் பரவலாக இல்லை. குறிப்பிட்ட சில பட்டைகளில் மட்டும் அடர்ந்து கிடக்கும்.

ஐரோப்பாவில் அட்லாண்டிக் பக்கம்: போர்ச்சுகல், பிரான்சின் மேற்குக் கரை, அயர்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்தின் தென்மேற்கு, அப்புறம் கடலுக்குள்ளே மடெய்ரா, கேனரி தீவுகள். அங்கிருந்து கிழக்கே நிலத்துக்குள் போகப் போக அரிதாகிவிடும். வட அமெரிக்காவில் ஒரு பக்கம் கலிபோர்னியாவை ஒட்டிய பசிபிக் கரை, இன்னொரு பக்கம் அப்பலாச்சியன் மலைகள். நடுவே கிடக்கும் பெரும் சமவெளியில் அதற்கு வேலை இல்லை. ஆப்பிரிக்காவில் கிழக்குப் பகுதியின் உயர்ந்த மலைகளும் தென்னாப்பிரிக்காவும். தென் அமெரிக்காவிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு, நியூசிலாந்து. ஆசியாவில் இமயமலைச் சரிவுகள், கிழக்காசிய மலைகள், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்கள்.

இந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். பொதுவாக ஒன்றே ஒன்றுதான் தெரியும்: மூடுபனி. கடலிலிருந்து பனி ஏறி வரும் கரை, இல்லையென்றால் மேகம் உரசிப் போகும் மலை. கல்பாசியின் நாட்டுக்கு எல்லை கிழித்துக் கொடுப்பது பனிதான்.

அது ஏன் மூடுபனியையே தேடிப் போகிறது? மழை போதாதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். கல்பாசியின் பரவலே இதில்தான் அடங்கியிருக்கிறது.

லைக்கனுக்கு வேர் கிடையாது. தண்ணீரைச் சேமிக்கத் தண்டு கிடையாது. இலையில் இருப்பது போலத் திறந்து மூடும் துளை கிடையாது. காற்று ஈரமாக இருந்தால் தானும் ஈரம், காற்று காய்ந்தால் தானும் காய்ச்சல். காய்ந்த கல்பாசி அப்பளம் மாதிரி நொறுங்கும். அந்த நிலையில் அது கிட்டத்தட்டத் தூக்கத்தில் இருக்கிறது, சாகவில்லை. பச்சைப் பாசி கொண்ட லைக்கன்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு. சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், காற்றிலுள்ள ஈரப்பதம் ஏறினாலே போதும், விழித்து வேலையைத் தொடங்கிவிடும். விடியற்காலைப் பனியில் நனைந்து, வெயில் ஏறிக் காய்வதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் சர்க்கரை செய்யும். பிறகு மறுபடி தூக்கம். பிழைப்பு அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் ஈரம் நிறைந்த சென்னைக் கடற்கரையில் ஏன் இல்லை? இங்கே இரவு வெக்கைதான் பகை. பகலில் சம்பாதித்த சர்க்கரையை, ஈரமாக இருக்கும் லைக்கன் இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கும். வெப்பம் கூடக் கூடச் செலவு கூடும். புழுங்கும் இரவுகளில் வரவைவிடச் செலவு மிஞ்சிவிடும். மலையில் இரவு குளிர். ஈரம் இருந்தாலும் செலவு குறைவு. அதனால்தான் அகன்ற இலை போன்ற லைக்கன்கள் வெப்பமண்டலச் சமவெளியில் குறைவாகவும் மலையில் கொத்துக் கொத்தாகவும் இருக்கின்றன. மழை எவ்வளவு பெய்கிறது என்பது மட்டும் கணக்கு இல்லை. அது நனைந்திருக்கும் நேரத்தில் வெளிச்சமும் குளிர்ச்சியும் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. மழையில் ஒரேயடியாக ஊறிப்போனால்கூட அதற்குக் கஷ்டம். உடம்பில் தண்ணீர் அடைத்துக்கொண்டு கரியமில வாயு உள்ளே நுழைய வழியில்லாமல் போய்விடும்.

அப்படியானால் சமவெளியில் லைக்கனே கிடையாதா?

யார் சொன்னது? தென்னை, பாக்கு மரங்களின் தண்டில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருக்குமே, அவற்றில் பெரும்பாலானவை லைக்கன்தான். பட்டையோடு ஒட்டி மேலோடு போல வளரும் வகை. கத்தியால் சுரண்டினாலும் முழுசாக வராது. பிக்சினே கோகோயிஸ் என்று இலை போன்ற சிறிய லைக்கன் ஒன்றும் சமவெளியில் சாதாரணமாகக் கிடைக்கும். பெயரிலேயே தேங்காய் இருக்கிறது பாருங்கள். குழம்பில் போட இவை எதுவும் ஆகாது.

விதை இல்லாமல் இத்தனை கண்டங்களுக்கு எப்படிப் போனது?

மாவு மூலமாக. நல்ல கல்பாசித் துண்டு ஒன்றின் விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சுருண்ட ஓரத்தில் அரிசி மாவு ஒட்டினாற்போல வெளுப்பாக ஒரு கரை தெரியும். விரலால் தேய்த்தால் தூளாக வரும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளிலும் சில பாசிச் செல்களும் அவற்றைச் சுற்றிய பூஞ்சை இழைகளும் இருக்கும். சொரீடியா என்பார்கள். சீர்வரிசையோடு அனுப்புவது மாதிரி, வீட்டுக்காரரையும் சமையல்காரரையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிற ஏற்பாடு. காற்றிலோ மழைத்தெறிப்பிலோ பூச்சியின் காலிலோ ஒட்டிப் போய், பொருத்தமான பட்டையில் விழுந்தால் புதுக் குடித்தனம். பூஞ்சை மட்டும் தனியாக வித்து விடும் கிண்ணம் போன்ற உறுப்புகள் இந்த இனத்தில் அபூர்வம். அமெரிக்காவில் இதற்கு வழங்கும் ஊர்ப்பெயரின் பொருள் ஏறக்குறைய "மாவு தூவிய கொசுவம்". புடவைக் கொசுவத்தைப் பார்க்காதவர்கள் வைத்த பெயர் என்றாலும் கச்சிதமான பெயர்.

தமிழ்நாட்டில் எங்கே பார்க்கலாம்?

நீலகிரி, பழனி மலை, ஆனைமலை. கிழக்கே ஏற்காடு, கொல்லிமலை உயரங்களிலும் பார்மோட்ரீமா வகைகள் உண்டு. ஏற்காடு சுமார் 1500 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2100, ஊட்டி 2240. பேருந்தில் ஏறும்போதே வித்தியாசம் தெரியும். அடிவாரப் புளியமரங்களில் வெறும் திட்டுகள். பாதி மலையில் ரூபாய்க் காசு அளவுக்குச் சாம்பல் வட்டங்கள். மேலே போனதும் கிளையெல்லாம் கொசகொசவென்று சாம்பல்பச்சை. சோலைக்காட்டுக்குள்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓரளவு வெளிச்சம் வேண்டும் என்பதால் காட்டின் உள்ளிருட்டைவிட ஓரங்களிலும், காப்பித் தோட்டத்து நிழல் மரங்களிலும், சில்வர் ஓக், சீகை போன்ற வந்தேறி மரங்களிலும் சுலபமாகக் கண்ணில் படும். மரம் உள்ளூரா வெளியூரா என்பது அதற்கு இரண்டாம்பட்சம். பட்டை உரிந்து விழாமல் இருந்தால் சரி. தோல் உரிக்கும் யூகலிப்டஸில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பெயரில் கல் இருக்கிறதே, கல்லில்தானே வளரும்?

கல்லிலும் வளரும், மரத்திலும் வளரும். சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி மரப்பட்டையிலிருந்தும் ஒடிந்து விழுந்த கிளைகளிலிருந்தும் எடுத்தது. பாக்கெட்டில் பட்டைத் துணுக்கு கலந்து வருவதே அதற்குச் சாட்சி. வடமொழி மருத்துவ நூல்களிலும் சைலேயம் என்று பாறையை வைத்துத்தான் பெயர்.

கடையில் கல்பாசி என்று வாங்குவது இந்த ஒரே இனம்தானா?

இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம்கூட வருகிறது. கல்பாசி என்பது சந்தைப் பெயர், ஓர் இனத்தின் பெயர் அல்ல.

ஒரு தடவை மளிகைக் கடையில் வாங்கிய 50 கிராம் பாக்கெட்டைச் செய்தித்தாளில் கொட்டி உட்கார்ந்து பிரித்தேன். முதலில் வந்தது மணலும் பட்டையும். அதை ஒதுக்கினால் அகலமான, கசங்கிய காகிதம் போன்ற துண்டுகள் ஒரு குவியல். இவை பார்மோட்ரீமா. அதற்குள்ளேயே பிரிவு உண்டு. மேற்பரப்பில் வலை பின்னியது போல நுண்ணிய வெடிப்புகள் ஓடினால் அது ரெட்டிகுலேட்டம். விளிம்பில் மாவுக்குப் பதிலாக மேற்பரப்பெங்கும் எறும்பு முட்டை போல நுண்ணிய முளைகள் இருந்தால் டிங்க்டோரம். மேலே வழுவழுப்பாக, ஓரத்தில் மாவுக் கரையும் இமைமுடி போல ஆங்காங்கே கறுப்பு முடியும் இருந்தால்தான் நாம் பேசும் பெர்லேட்டம். என் குவியலில் அதுதான் குறைவு.

அடுத்த குவியல் நாடா நாடாக, ஒடுக்கமாக, இரு ஓரமும் கறுப்பு முடியோடு. இது எவர்னியாஸ்ட்ரம், இமயமலைச் சரக்கில் நிறைய வரும். கடைசியாக நூல் மாதிரி ஒரு பிடி. ஒரு நூலைத் தண்ணீரில் நனைத்து இரண்டு பக்கமும் மெதுவாக இழுத்தால் வெளித்தோல் விட்டுப்போய் உள்ளே வெள்ளையாக ரப்பர் போல நீளும் ஒரு நரம்பு தெரியும். அது உஸ்னியா. சமையலுக்கு நான் அந்தக் குவியலை எடுப்பதில்லை.

அப்படியென்றால் கலப்படமா என்று கேட்பார்கள். மணலும் பட்டையும் கலப்படம்தான், அதுவும் காசுக்கு. பார்மோட்ரீமா இனங்கள் கலந்து வருவதை நான் கலப்படம் என்று சொல்ல மாட்டேன். எடுக்கிறவர் கிளையிலிருந்து சுரண்டும்போது பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டா சுரண்டுவார்? நம் பாட்டிமார் சமைத்ததும் இந்தக் கலவையைத்தான்.

வீட்டிலேயே இனத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

கைப்பிடிக் கண்ணாடி ஒன்றும், வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் திரவமும் இருந்தால் கொஞ்சம் விளையாடலாம். துண்டின் மேல்தோலைப் பிளேடால் சுரண்டி உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியை வெளிக்காட்டுங்கள். அதில் ஒரு சொட்டு பிளீச். உடனே ரத்தச் சிவப்பானால் அது டிங்க்டோரம். அதிலுள்ள லெக்கனோரிக் அமிலத்தின் வேலை அது. பெர்லேட்டமும் ரெட்டிகுலேட்டமும் இதற்கு மசியாது. அவற்றைப் பிரிக்க ஆய்வகத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விடுவார்கள். பெர்லேட்டம் மஞ்சளாகி ஆரஞ்சில் நிற்கும், ரெட்டிகுலேட்டம் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போகும். சோதித்த துண்டைக் குப்பையில் போடுங்கள், குழம்பில் அல்ல.

பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது ஒன்று உண்டு. காய்ந்த சாம்பல் துண்டைக் கிண்ணத் தண்ணீரில் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். கண்முன்னே பச்சையாக மாறும். மேல்தோல் நனைந்து கண்ணாடி போல ஆவதால் கீழே இருக்கும் பாசி அடுக்கு தெரிகிறது. உயிர்த்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரொம்ப நாளாகக் கிடந்த துண்டும் இப்படித்தான் பச்சையாகும்.

இது ஒட்டுண்ணியா? எங்கள் எஸ்டேட் மரங்களைக் கொன்றுவிடுமா?

கொல்லாது. அடிப்பக்கம் இருக்கும் கறுப்பு முடிகள் பட்டையைப் பற்றிக்கொள்ள மட்டுமே, உறிஞ்ச அல்ல. காய்ந்த கிளையில் லைக்கன் அடர்ந்திருப்பதைப் பார்த்துப் பழி போடுகிறோம். உண்மையில் இலை உதிர்ந்து வெளிச்சம் வந்தபிறகு அங்கே அது செழித்தது. காரணமும் விளைவும் இடம் மாறிப்போன வழக்கு.

தோட்டத்தில் பயிரிட முடியுமா?

முடியாது. ஆய்வுக்காகத் துண்டுகளை இடம் மாற்றி ஒட்டிப் பார்ப்பார்கள். ஆனால் ஏக்கர் கணக்கில் விளைவித்து விற்கிற முறை எதுவும் கிடையாது. சந்தையில் உள்ள ஒவ்வொரு கிராமும் தானாக வளர்ந்ததை யாரோ மலையில் எடுத்ததுதான்.

யார் எடுக்கிறார்கள்? தீர்ந்துபோகாதா?

பழனி மலைப் பக்கம் பளியர்கள் தேன், கடுக்காயோடு இதையும் சேகரித்து விற்கிறார்கள். வடக்கே உத்தரகாண்டில் இதற்கு ஜூலா என்று பெயர். ஓக் காடுகளிலிருந்து மலைக்கிராமத்து மக்கள் சேர்த்துக் கொண்டுவருவது ராம்நகர், தனக்பூர் சந்தைகள் வழியாக நாடெங்கும் போகிறது. நேபாளத்திலிருந்தும் சரக்கு வருகிறது. காரைக்குடியில் வாங்கும் கல்பாசி இமயமலையில் பிறந்ததாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

தீருமா என்றால், வளர்ச்சி வேகத்தைப் பாருங்கள். இதுபோன்ற இலை வடிவ லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் விரியும். உள்ளங்கை அளவுத் துண்டு என்றால் உங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏறக்குறைய சமவயசு. காற்றில் விழுந்த கிளையிலிருந்து எடுத்தால் நஷ்டமில்லை. தரையில் கிடந்தால் எப்படியும் மக்கிப்போகும். மரத்திலிருந்து எடுத்தாலும் ஓரமாகக் கொஞ்சம் விட்டால் மாவு உதிர்ந்து மறுபடி வரும். கிளையையே வெட்டிச் சாய்த்து மொத்தமாகச் சுரண்டினால்தான் ஆபத்து. மரம் போனால் லைக்கன் மட்டுமல்ல, அது பிடித்து வைத்திருந்த பனியும் போகிறது.

காற்று மாசுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வேர் இல்லாத உயிர் சாப்பாட்டையும் விஷத்தையும் காற்றிலிருந்தே வாங்க வேண்டும். தோலில் வடிகட்டி இல்லை. 1866-லேயே வில்லியம் நைலாண்டர் என்ற பின்லாந்து அறிஞர், பாரிஸில் லக்சம்பர்க் தோட்டத்தில் இருக்கும் லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லை என்று கவனித்து, காற்றின் தரத்தை இவை காட்டும் என்று எழுதினார். 1970-ல் டேவிட் ஹாக்ஸ்வொர்த், ஃபிரான்சிஸ் ரோஸ் இருவரும் எந்த லைக்கன் இருந்தால் காற்றில் எவ்வளவு கந்தக டை ஆக்சைடு என்று இங்கிலாந்துக்கு ஓர் அளவுகோலே போட்டார்கள். 0-விலிருந்து 10 வரை, 10 என்றால் தூய காற்று. நம் கல்பாசி அதில் 8-ஆம் படியில்தான் தலைகாட்டும். அவ்வளவு முகம் சுளிக்கும் ஆள். ஜப்பானில் அதன் தங்கை டிங்க்டோரத்துக்கு உமேனோகிகோகே, அதாவது உமே மரத்துப் பாசி என்று பெயர். அங்கேயும் அதை வைத்துக் காற்றைக் கணித்திருக்கிறார்கள்.

அப்படியானால் காற்றிலுள்ள ஈயமெல்லாம் என் குழம்புக்குள் வருமா?

நியாயமான பயம். லைக்கன்கள் கன உலோகங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அவற்றை அளவுமானியாகப் பயன்படுத்துகிறார்கள். 1986-ல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு ஸ்காண்டிநேவியாவில் லைக்கன் தின்ற கலைமான்களின் இறைச்சியில் கதிரியக்க சீசியம் ஏறி, ஏராளமானவற்றை அழிக்க வேண்டி வந்தது. ஆனால் அளவைப் பாருங்கள். கலைமான் குளிர்காலம் முழுக்க அதையே தின்கிறது. நாம் அரைக் கிலோ கறிக்கு இரண்டு துண்டு போடுகிறோம். சாலையோர மரத்தில் எடுத்ததை வாங்காமல் இருந்தால் போதும் என்பது என் கட்சி. எங்கே எடுத்தது என்று பாக்கெட்டில் அச்சிடும் வழக்கம் வந்தால் இன்னும் நல்லது.

சுற்றுலா போகும்போது நானே பறித்து வரலாமா?

வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றி எடுப்பது குற்றம். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை 2006 வன உரிமைச் சட்டப்படி காட்டில் வாழும் மக்களுக்கு உண்டு, விடுமுறைக்குப் போகிற நமக்கு இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. எல்லா லைக்கனும் தின்னத் தக்கதல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் லெத்தாரியா வல்பினா என்ற மஞ்சள் லைக்கனை ஸ்காண்டிநேவியாவில் ஓநாய்க்கு விஷம் வைக்கப் பயன்படுத்தினார்கள்.

கல்பாசியும் கடல்பாசியும் ஒன்றா?

இல்லவே இல்லை. கடல்பாசி என்று மளிகைக் கடையில் கொடுப்பது அகர் அகர், கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. ஜெல்லி செய்ய உதவும். கல்பாசி போட்டு ஜெல்லி உறையவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பச்சையாக முகர்ந்தால் வாசனையே இல்லையே, பழசா?

பழசாக இருக்கலாம், ஆனால் புதிதும் அப்படித்தான். காய்ந்த கல்பாசிக்கு லேசான மண் வாசனை மட்டும் இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்தால்தான் வாயைத் திறக்கும். பட்டை, கிராம்பு, மராட்டி மொக்கு போட்டு, கடைசியாக இதைக் கிள்ளிப் போட்டு, நிறம் கொஞ்சம் மாறியதும் வெங்காயம். கருகவிட்டால் கசப்பு. மணல் போக உள்ளங்கையில் தேய்த்துச் சலித்துவிட்டு, ஈரம் படாத டப்பாவில் முழுசாகவே வையுங்கள். பொடித்தால் சீக்கிரம் மங்கும். செட்டிநாட்டோடு முடிவதில்லை. மராட்டியரின் கோடா மசாலாவிலும் ஹைதராபாத், லக்னோ சமையலிலும் இது உண்டு. கன்னோஜில் ஷமாமா அத்தரிலும் சரீலா என்ற பெயரில் சேர்கிறது.

மருந்தாமே?

ஆயுர்வேதத்திலும் யுனானியிலும் பெயர் இருக்கிறது. தாளிக்கிற அளவு மருந்தளவு அல்ல. சாறெடுத்துக் குடிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பி இறங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரத்தில் அச்சு அசல் கல்பாசி மாதிரியே இருக்கிறது. அதுவா?

தென்மேற்குப் பக்கம் என்றால் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு. தென்கிழக்கிலும் கந்தகப் புகை குறைந்த பிறகு திரும்பி வந்திருக்கிறது. ஹட்சன் பெயர் வைத்த நாடு அது. ஆக, பெயரோடு முழுக்கப் பொருந்தும் பெர்லேட்டம் எங்கள் காரைக்குடிப் பாக்கெட்டில் இருப்பதைவிட உங்கள் மரத்தில் அதிகமாக இருக்கலாம். அங்கே அதைச் சமைக்கும் பழக்கம் இல்லாததால் யாரும் தொடுவதில்லை. விளிம்பில் மாவுக் கரை, ஓரத்தில் அங்கங்கே கறுப்பு முடி, கீழே நடுவில் கறுப்பும் ஓரத்தில் பழுப்பும், இத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு படம் எடுத்து ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புங்கள். குழம்புக்கு வழக்கம்போல இந்தியக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் ஓடும் கார்களின் புகையும் அந்த மரத்தில்தான் படிகிறது.